செங்கேணியின் விசுவாசமும் என் வயிற்றெரிச்சலும்

பெரிய விசுவாசம் என்றால் என்ன என்று கோயில் பத்திரிகையான பங்கு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி எங்கள் பங்குச் சாமியார் கேட்டார். நான் முப்பத்து நான்கு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவள். பீடத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டு வைப்பவளும் நான்தான். அதனால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார். நானும் மறுக்காமல் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்து வைத்தால் ஒரே ஒரு முகம்தான் கண்முன் நிற்கிறது. அந்த முகத்தின் மேல் எனக்கு முப்பது வருடத்துப் பொறாமை.

அவள் பெயர் செங்கேணி. எங்கள் தியேட்டரில் அட்டெண்டராக இருந்தவள். சேதராப்பட்டுப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் சாமியார் அவளிடமே கேட்டிருப்பார், நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று வருடம் ஹாஸ்டல் சாம்பார், ஊசி, பெட்பேன், பரீட்சை. அது முடிந்து ஊருக்குள்ளேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். நெல்லித்தோப்பிலிருந்து சைக்கிளில் போய் வரும் தூரம். முதல் வாரமே என்னைத் தியேட்டருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேதான் மதாம் இருந்தார்.

மதாம் என்றால் தியேட்டரின் ஹெட் சிஸ்டர். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய பழைய புதுச்சேரிக் குடும்பம். நினைத்திருந்தால் பாரீசுக்குப் போய்ப் பென்ஷனில் உட்கார்ந்திருக்கலாம், போகவில்லை. நல்ல கறுப்பு, ஒடிசலான உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளைக் கவுன். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் தமிழை நிறுத்திவிடுவார். "சில்லான்ஸ்", அதாவது அமைதி, என்று ஒரு சொல்தான் வரும். அதைக் கேட்டால் பெரிய டாக்டர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள்.

அவருக்கு எண்ணிக்கைதான் வேதம். வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன் என்றால் ரத்தம் துடைக்கிற பெரிய துணிகளை ஐந்தைந்தாகக் கட்டி வைத்திருப்போம். அதற்கு மாப் என்று பெயர். கத்தி வைக்கும் முன் மாப், ஊசி, கத்தரி எல்லாவற்றையும் எண்ணிக் கரும்பலகையில் எழுத வேண்டும். வயிற்றை மூடும் முன் ஒரு தரம் எண்ண வேண்டும். தோலைத் தைக்கும் முன் இன்னொரு தரம். எண்ணும்போது கண் பார்க்க வேண்டும், விரல் தொட வேண்டும், வாய் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மதாம் முதலிலிருந்து எண்ணச் சொல்வார். அதுவும் பிரெஞ்சில் எண்ண வேண்டும். "அன், தெ, த்ருவா, காத்ர், சாங்க்" என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை, அதற்கு மேலும். ஏன் மதாம் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "தமிழ்ல எண்ணுனா நீ தூங்கிக்கிட்டே எண்ணுவே. இதுல எண்ணுனா முழிச்சிட்டு இருப்பே" என்றார். உண்மைதான். ஆறு மாதம் ஆனபிறகும் ஏழுக்கு அப்புறம் எனக்குத் தடுமாறும்.

இன்னொரு சட்டமும் உண்டு. தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டி வெளிப்பொருள் எதுவும் உள்ளே வரக்கூடாது. தாலி, வளையல், கயிறு, தாயத்து, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். எங்கள் ஊர்க் கிறிஸ்தவப் பெண்கள் கழுத்தில் மாதா மெடல் இல்லாமல் வெளியே போகமாட்டோம். எனக்கும் ஒன்று இருந்தது. சிறு வயதில் முதல் தரம் திருவப்பம் வாங்கும் புதுநன்மை அன்று என் ஞானத்தாய் போட்டது, நகம் அளவுப் பித்தளை மெடல். தினமும் அதைக் கழற்றிக் கோட்டுக்கு வெளியே இருக்கும் தட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். மதாமின் மெடலும் அதே தட்டில் கிடக்கும்.

இப்போது தியேட்டரில் வேலை பார்க்கும் பெண்கள் என் வீட்டுக்கு வந்தால், சுவரில் பெரிய செக்லிஸ்ட் இல்லாமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கிறார்கள். எங்களுக்குச் செக்லிஸ்ட் மதாம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம் கழித்துச் செங்கேணி வந்தாள். மாப் மடிப்பது, டிரம்மில் அடுக்கிக் கிருமி நீக்கும் கொதிகலனுக்கு அனுப்புவது, தரை கழுவுவது, எல்லோருடைய ரப்பர் செருப்பையும் தேய்த்து வைப்பது, நோயாளியைத் தள்ளிக்கொண்டு வருவது அவள் வேலை. முதல் நாளே என்னைப் பார்த்து, "சிஸ்டர், நீங்களும் மாதா கோயிலா? நானும்தான்" என்றாள். ஆகா, நம்ம ஆள் என்று சந்தோஷப்பட்டு ஞானஸ்நானப் பெயர் என்ன என்று கேட்டேன்.

"அதெல்லாம் வாங்கல சிஸ்டர். ரெண்டு புள்ள தங்கல. மாதா கோயிலுக்குப் போயி கேட்டேன். அப்புறந்தான் எங்க வேலு பொறந்தான். அதுலேர்ந்து போயிகினு இருக்கேன். ஞானஸ்நானம் வாங்கறேன்னு சொன்னேன், வூட்டுக்காரர் வேணான்னுட்டாரு. அவருக்கும் ஒரு நாளு மனசு வரும்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பாள். நன்மை என்கிற திருவப்பம் வாங்க எல்லோரும் வரிசையில் வரும்போது அவள் மட்டும், ஞானஸ்நானம் ஆகாததால், அங்கேயே கைகூப்பிக்கொண்டு நிற்பாள். வாசகம் வாசிக்கிற இடத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

அவள் மேல் எனக்கு முதலில் எரிச்சல் வந்தது ஜெப விஷயத்தில். நான் ஒரு காரியம் வேண்டினால் ஒன்பது நாள் நவநாள், ஒன்பது செவ்வாய் அந்தோனியார், தினமும் ஜெபமாலை, மெழுகுவத்தி என்று ஒரு குறையும் வைக்க மாட்டேன். கேட்டது கிடைக்காவிட்டால் எண்ணிக்கையில் எங்கோ விட்டுவிட்டேன் என்று மறுபடி ஆரம்பிப்பேன். செங்கேணி ஒரு காரியத்தை ஒரு தரம்தான் சொல்வாள். ஒருநாள் மாப் மடித்துக்கொண்டே அவள் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"அம்மாகிட்ட ஒருக்கா சொன்னா போறாதா சிஸ்டர்? அவங்களுக்கு இன்னா காது கேக்காதா?"

அந்த வருடம் என் கடைசித் தங்கைக்கு நர்சிங் சீட்டுக்காக மூன்று நவநாள் முடித்திருந்தேன். கிடைக்கவில்லை. செங்கேணி தன் வீட்டுக் கூரைக்காக ஒரு தரம் சொன்னாள், அடுத்த மாதமே தொகுப்பு வீட்டுப் பட்டியலில் அவள் பெயர் வந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. பிறந்த எட்டாம் நாள் ஞானஸ்நானம் வாங்கியவள் நான், இவள் நேற்று வந்தவள் என்று சைக்கிளில் போகும்போதெல்லாம் மனத்துக்குள் சண்டை போடுவேன்.

அப்புறம் நோயாளிகள். மேஜையில் படுக்க பயந்து அழுகிறவர்கள் செங்கேணி கையைப் பிடித்தால் அமைதியாகிவிடுவார்கள். ஒரு தரம் பிரசவ ஆபரேஷனுக்கு வந்த பெண், நான் பக்கத்தில் ஜெபம் சொல்லிக்கொண்டு நிற்கிறேன், என்னை விலக்கிவிட்டு, "அந்த அக்கா எங்க? அவங்கள வரச் சொல்லுங்க" என்று அழுதாள். மதாமும் தயங்காமல், "செங்கேணியைக் கூப்பிடு" என்று என்னையே அனுப்பினார். போனேன். வேறு என்ன செய்வது?

இதெல்லாம் போதாதென்று ஒரு ஞாயிறு அப்போதிருந்த சாமியார் பிரசங்கத்தில், "நம்ம கோயில்ல கடைசித் தூண் பக்கத்துல ஒரு அம்மா நிப்பாங்க. நன்மை வாங்க முடியாது. ஆனா ஒரு வாரம் தவறி நான் பார்த்ததில்ல" என்று சொன்னார். மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. செங்கேணி தனக்குப் பின்னால் யாரோ நிற்பதாக நினைத்து அவளும் திரும்பிப் பார்த்தாள். பீடத்தில் விரித்திருந்த துணியில் நான் அன்று விடிகாலை எழுந்து போட்ட மடிப்பு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. கோயில் பூனை தேவருக்கு அஞ்சாது என்பார்கள். நானும் அப்படிப் பழகிப்போன பூனைதான், ஆனால் பால் மட்டும் எனக்கே கிடைக்க வேண்டும்.

இனி அந்த ஒரு கேசைச் சொல்கிறேன்.

வேலுவுக்கு அப்போது இருபது வயது. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. மதியம் ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்தவன் லாரியில் மோதிவிட்டான். மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம். கொண்டுவந்தபோது மணி இரண்டரை இருக்கும். செங்கேணி டியூட்டியில்தான் இருந்தாள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வரப் போனவளுக்கு அங்கே போய்த்தான் அது தன் பிள்ளை என்று தெரிந்தது.

அன்று ஆபரேஷனில் டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்க வேண்டியவள் நான். மதாம் வேண்டிய சாமான்களை எடுத்துத் தந்துகொண்டு பலகையில் கணக்கு எழுதுவார். செங்கேணியை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், போகவில்லை. சிவப்புக் கோடு வரைக்கும் ஸ்ட்ரெச்சரைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். பையன் நினைவில்லாமல் கிடந்தான். அவன் நெற்றியைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன். நீங்க உள்ள இருக்கீங்க இல்ல சிஸ்டர், போதும்."

சொல்லிவிட்டுப் போய் மாப் மடிக்கிற அறையில் உட்கார்ந்துவிட்டாள். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். மடித்துக்கொண்டிருந்தாள், மடிப்பும் சரியாக விழுந்துகொண்டிருந்தது. என் பிள்ளை அங்கே கிடந்திருந்தால் நான் நடைபாதையில் உருண்டு புரண்டு அத்தனை புனிதர்களையும் பேர் சொல்லி இழுத்திருப்பேன். இவளால் எப்படி முடிகிறது? அந்த நேரத்தில் எனக்கு வந்திருக்க வேண்டியது இரக்கம். வந்தது பொறாமை. இன்றைக்கு எழுதும்போதும் கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

ஒரு கணக்கு மனத்தில் ஓடியது. பையன் பிழைத்துவிட்டால் ஆஸ்பத்திரி முழுக்கச் செங்கேணியின் மாதா, செங்கேணியின் ஜெபம் என்றுதான் பேசுவார்கள். அது நடக்கக்கூடாது. பிழைத்தால் என் மாதாவால் பிழைத்ததாக இருக்கட்டும், வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் ஆண்டவருக்காவது தெரியட்டும். கோட்டுக்கு வெளியே தட்டில் கிடந்த என் மெடலை எடுத்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டேன். பையனை மேஜைக்கு மாற்றும்போது அவன் இடது விலாவுக்குக் கீழே விரிப்பின் மடிப்பில் செருகிவிட்டேன். எட்டு வருடம், பத்து வருடம் இல்லை, அன்றைக்கு எனக்குப் பதினேழு வருடச் சர்வீஸ். அதற்கப்புறம் போய்க் கை கழுவிக் கையுறை போட்டுக்கொண்டேன்.

ஆபரேஷன் நன்றாகத்தான் போனது. மண்ணீரலை எடுத்தார்கள், ரத்தம் நின்றது, வெளியிலிருந்து ரத்தம் ஏற்றினார்கள். வயிற்றை மூடும் முன் எண்ணினோம். மாப் சரி, கருவிகள் சரி. ஊசியில் ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினோம். மறுபடியும் ஒன்று குறைந்தது. மதாம் என் டிராலியைத் தேடினார், மேல்விரிப்புகளைத் தேடினார், கம்பில் கட்டிய காந்தத்தைத் தரை முழுக்க உருட்டினார். எங்கும் இல்லை.

"எக்ஸ்ரே எடுங்க" என்றார் டாக்டர்.

சின்ன எக்ஸ்ரே மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, பையனுக்குக் கீழே பிலிம் பெட்டியைச் செருகிப் படம் எடுத்தார்கள். ஈரம் காயாத பிலிமை டாக்டர் விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இடது பக்கம், விலாவுக்குக் கீழே, நகத்தைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைக் கோடு.

"இதோ இருக்கு. உள்ளதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி வயிற்றுக்குள் கையை விட்டார்.

முதலில் நானும் ஊசி என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் சுரீரென்று உறைத்தது. பிலிம் பெட்டியைச் செருகும்போது விரிப்பு இழுபட்டு மெடல் செங்குத்தாக நின்றிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் மெடலும் ஒரு கோடுதானே. நான் வைத்த இடமும் அதே இடம்.

சுவரில் கடிகாரம் இருந்தது. மூன்று ஐம்பது. நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் குடலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார். கேட்டதை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். சொன்னால் வேலை போய்விடும். மதாம் முகத்தில் எப்படி முழிப்பது? அதையெல்லாம்விடப் பெரிதாக என் நெஞ்சில் நின்றது, செங்கேணிக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான். தேடட்டும், ஒன்றும் கிடைக்காமல் அவர்களே மூடிவிடுவார்கள் என்று நினைத்தேன். மயக்க மருந்து டாக்டர், "பிரஷர் எறங்குது" என்றார். கொஞ்ச நேரத்தில், "எண்பது. சீக்கிரம் முடிங்க" என்றார். டாக்டரின் கையுறையில் புது ரத்தம் வந்தது. தேடுகிற அவசரத்தில் எங்கோ மறுபடி கசிய ஆரம்பித்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

"சார், அது ஊசி இல்ல. என் மெடல். விரிப்புல வச்சேன்."

மதாம் குனிந்து மேஜை விரிப்புக்குள் கையை விட்டுத் துழாவி மெடலை எடுத்தார். எஃகுத் தட்டில் போட்டார். டங் என்று கேட்டது.

"அன்" என்றார்.

இன்னொரு படம் எடுத்தார்கள், உள்ளே ஒன்றும் இல்லை. கசிந்த இடத்தைக் கட்டி, வயிற்றை மூடி, பையனை ஐ.சி.யூ.வுக்கு அனுப்பும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது.

காணாமல் போன ஊசியைச் செங்கேணிதான் கண்டுபிடித்தாள். தியேட்டரில் என்ன நடந்தது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, வழக்கம்போல எல்லோர் செருப்பையும் தேய்க்க உட்கார்ந்திருக்கிறாள். செய்தித்தாள் துண்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சிஸ்டர், சின்ன டாக்டர் செருப்பு அடியில குத்திகினு இருந்துச்சு. யார் கால்லயாவது ஏறியிருந்தா இன்னா ஆவறது?"

ரப்பருக்குள் முழுசாக இறங்கியிருந்திருக்கிறது. ஆபரேஷனில் உதவிக்கு நின்ற அவர் காலை ஊன்றியே இருந்ததால் காந்தத்துக்கும் சிக்கவில்லை.

மறுநாள் மதாம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மெமோவைத் தமிழிலேயே எழுதி வைத்திருந்தார், படித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அழுகை வந்தது. அவர் கைக்குட்டை எல்லாம் நீட்டவில்லை.

"உன் மாதா கோட்டுக்கு வெளியில நின்னா உதவி செய்ய மாட்டாங்கன்னு நெனச்சியா?" என்று கேட்டார். ஒரு வருடம் என்னை வெளிநோயாளிகள் பிரிவில் கட்டுப் போடும் அறைக்கு மாற்றினார்கள். மெடல் வைத்தது எல்லோருக்கும் தெரிந்தது. படத்தில் தெரிந்தது அந்த மெடல்தான் என்று தெரிந்தும் நான் ஏழு நிமிடம் பேசாமல் நின்றது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வேலு பதினெட்டு நாள் கிடந்தான். இரண்டு தரம் கைவிட்ட மாதிரி ஆகிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். செங்கேணி என்ன செய்தாள் தெரியுமா? வார்டு வார்டாகப் போய், "எம்புள்ளைக்காக சிஸ்டர் தன் வேலைய பணயம் வச்சு மாதா மெடல உள்ள எடுத்துகினு போனாங்க" என்று சொன்னாள். நான் ஆசைப்பட்ட பேர் எனக்குக் கிடைத்தது. கட்டுப் போடும் அறைக்கு வந்த நோயாளிகள்கூட என் கையைப் பிடித்துக் கும்பிட்டார்கள். என் நிலைமை திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி, வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. அந்த வருடம் முழுக்க அவளை நான் முன்னைவிட அதிகமாக வெறுத்தேன்.

வருடங்கள் ஓடின. மதாம் ஓய்வு பெற்று, அவர் நாற்காலிக்கு நானே வந்தேன். பெண்களைப் பிரெஞ்சில் எண்ண வைத்தேன். அப்புறம் நானும் ஓய்வு பெற்றேன், செங்கேணியும் பெற்றாள். வேலுவுக்குக் கல்யாணமாகிக் கதிர்காமத்தில் குடியிருக்கிறான்.

போன வருடம் தபசு காலத்து நோன்பு நாட்களில் பீடத் துணி கொடுக்கப் போனபோது செங்கேணி பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர், புது வேட்டி கட்டிக்கொண்டு கொஞ்சம் வெட்கத்தோடு இருந்தார். ஈஸ்டரான பாஸ்கு ஞாயிறுக்கு முந்தின இரவுப் பூசையில் ரெண்டு பேருக்கும் ஞானஸ்நானமாம். சாமியார் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"வாங்க சிஸ்டர், உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். ஞானத்தாயா உங்க பேரைத்தான் போடச் சொல்றாங்க" என்றார்.

ஒரு நிமிடம் சாமி என்று சொல்லிவிட்டுச் செங்கேணியை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"என் பேர போடாத. நான் சொல்றத கேட்டுட்டு அப்புறம் சொல்லு. அந்த மெடல உன் புள்ளைக்காக நான் வைக்கல. உன்மேல இருந்த எரிச்சல்ல வச்சேன். பொழச்சா பேரு எனக்கு வரணும்னு வச்சேன். அவங்க ஊசின்னு தேடறாங்க, அது மெடல்னு எனக்குத் தெரியுது, ஏழு நிமிஷம் வாயத் தொறக்காம நின்னேன். அவனுக்கு மறுபடி ரத்தம் வந்தது அதனாலதான்."

செங்கேணி முகம் சுருங்கிப்போனது.

"ஏழு நிமிஷமா?" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அது எனக்குத் தெரியாது சிஸ்டர்."

"அதான் சொல்றேன்."

"ஆனா உங்களுக்கு என்னக் கண்டா ஆவாதுன்னு தெரியும். நான் வேலைக்கு வந்த வருஷமே தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுகிட்டேவா அன்னைக்கு, நீங்க உள்ள இருக்கீங்க, போதும்னு சொன்னே?"

"வேற இன்னா சொல்றது? ஆவாதவங்க கையில போயி புள்ளைய குடுக்கறோமேன்னு பயமாத்தான் இருந்துச்சு. மதாங்கிட்ட சொல்லி வேற சிஸ்டர போடச் சொல்லலாமான்னு கூட நெனச்சேன். அப்புறம் அம்மாகிட்ட சொன்னேன். எம்புள்ளைய பத்தி ஒண்ணும் கேக்கல சிஸ்டர். அந்த சிஸ்டர் மனச பாத்துக்கோம்மா, அவங்க நல்லா இருந்தா எம்புள்ள நல்லா இருப்பான்னு உங்களுக்காகத்தான் கேட்டேன். கேட்டுட்டுத்தான் உங்ககிட்ட விட்டுட்டுப் போனேன்."

பயந்துதான் வாயைத் திறந்தேன், பிரஷர் இறங்கியதால்தான் சொன்னேன் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஊரில் எத்தனையோ பேருக்காக நவநாள் சொல்லியிருக்கிறேன். எனக்காக ஒருத்தி வேண்டியிருப்பாள் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. அதுவும் இவள், அதுவும் அந்த நேரத்தில்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க, சாமியாரு காத்துகினு இருக்காரு. பேர போடுங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

போய்க் கையெழுத்துப் போட்டேன். ஞானத்தாய் என்றால் அந்த ஆத்துமாவின் விசுவாசத்துக்குப் பொறுப்பேற்பவள். செங்கேணியின் விசுவாசத்துக்கு நான் பொறுப்பு! ஆண்டவருக்கும் வேடிக்கை பார்க்கத் தெரியும் போலிருக்கிறது.

தன்னை வெறுக்கிறவள் என்று தெரிந்தே அவள் கையில் பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு, அந்த வெறுப்புக்காரிக்காக வேண்டிக்கொண்டு போய் மாப் மடித்தாள். சாமி, நீங்கள் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் இப்போது அவள் என் பக்கத்திலேயே உட்காருகிறாள், ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்தவர் உடைமைக்கு ஆசைப்படக்கூடாது என்பது கட்டளை. மாதா மாதம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறேன், கொடுக்கிற அபராதத்தையும் ஒழுங்காகச் செய்கிறேன். ஆனால் இந்த ஒரு பாவத்தை மட்டும் விட எனக்கு மனம் வரவில்லை. அவளிடம் இருப்பது எனக்கும் வேண்டும்.